லேசர் கண்ணில் என்ன செய்கிறது? கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு விளக்கம்

போன ஆனி மாதம் அம்பாசமுத்திரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, லேசர் வச்சா கண்ணுல இருக்க பவர் போயிரும்னு சொல்லுதாங்களே, அது எங்க போவும்?"

அவளுக்கு 23 வயது. இரண்டு கண்ணிலும் மைனஸ் 4, ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், அதற்குள் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஒரே அவசரம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்காக ஒரு பெண் தன் கண்ணில் சிகிச்சை செய்துகொள்வதில் எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லை, அதை அக்காவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். ஆனால் அவளுக்கே ஆசை இருந்தது, குற்றாலத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அருவிக்குள் போனால் பக்கத்தில் நிற்பது அம்மாவா வேறு யாராவதா என்று தெரியவில்லை என்பது அவளுடைய ரொம்ப நாள் குறை. தன் வசதிக்காகச் செய்துகொள்வது வேறு விஷயம். அப்புறம், அவள் கேட்ட கேள்வியும் நல்ல கேள்வி. பவர் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டால் இந்தச் சிகிச்சையில் பாதி புரிந்த மாதிரிதான்.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தை எடுத்துவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் "லேசர் ஆபரேஷன்" என்று மூன்று வேறு வேறு வேலைகளைச் சொல்கிறார்கள். ஆச்சிக்குக் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்தார்களே, அதையும் லேசர் என்பார்கள், பெரும்பாலும் அங்கே புரையை உடைப்பது லேசர் இல்லை, ஒலி அலை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கண்ணின் பின்பக்கத் திரையில் கசிவு வந்தால் அங்கே லேசர் வைப்பார்கள், அது உண்மையில் லேசர்தான், ஆனால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றச் செய்வது. நான் இங்கே சொல்லப்போவது மூன்றாவதை, கண்ணாடி பவரைக் குறைக்கக் கண்ணின் முன்பக்கத்தில் செய்கிற லேசரை. ஆச்சிக்கு நடந்ததை வைத்து இதைப் பற்றி முடிவு செய்ய வேண்டாம்.

சரி, பவர். அது பெரும்பாலும் நோய் இல்லை, ஓர் அளவுப் பிசகு. கண்ணுக்கு முன்னால், கைக்கடிகாரத்துக்கு மேலே கண்ணாடி மூடியிருக்கிற மாதிரி, நிறமே இல்லாத ஒரு சிறு கூரை இருக்கிறது. அதைத்தான் டாக்டர்கள் கருவிழி என்கிறார்கள். (நாம் பேச்சில் கருவிழி என்று சொல்வது அதற்கு உள்ளே கறுப்பாகத் தெரிகிற பகுதியை.) வெளிச்சத்தை வளைத்து உள்ளே அனுப்புகிற வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்தக் கூரைதான் செய்கிறது, முழுக் கண்ணும் வெளிச்சத்தை வளைக்கிற சக்தி சுமார் 60 பவர் என்றால் அதில் 43 இதனுடையது. மிச்சத்தை உள்ளே இருக்கிற லென்ஸ் பார்த்துக்கொள்கிறது. இப்படி வளைந்து வருகிற வெளிச்சம் கண்ணின் பின்சுவரில் இருக்கிற விழித்திரையில் சரியாக ஒரு புள்ளியில் விழ வேண்டும். பள்ளிக்கூட வயதில் கண் உருண்டை தேவைக்கு மேல் நீளமாக வளர்ந்துவிட்டால் அந்தப் புள்ளி திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும், தூரத்தில் இருப்பது மங்கும். இதுதான் கிட்டப்பார்வை, மைனஸ் பவர். கூடுதல் நீளம் ஒரே ஒரு மில்லிமீட்டர் இருந்தால்கூடக் கிட்டத்தட்ட மைனஸ் 3 வந்துவிடும். கண் குட்டையாக இருந்தால் பிளஸ். கூரையின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாமல் ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்தால் சிலிண்டர்.

மைனஸ் எண்ணுக்கு அர்த்தம் என்ன என்று பலருக்கும் தெரியாது. ஒரு மீட்டரை அந்த எண்ணால் வகுத்தால் போதும். மைனஸ் 4 என்றால் 25 செண்டிமீட்டர், அதாவது கண்ணாடி இல்லாமல் அக்கா மகளுக்குத் தெளிவாகத் தெரிகிற உலகம் முகத்திலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் வரைதான். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். எனக்கு வலது கண் மைனஸ் 5, 20 செண்டிமீட்டர். வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நின்றால் தென்காசி பஸ்ஸும் திருச்செந்தூர் பஸ்ஸும் எனக்கு ஒன்றுதான்.

இப்போது கேள்விக்கு வருவோம். நீண்டுபோன கண்ணை லேசர் குட்டையாக்காது, யாராலும் அப்படி ஆக்க முடியாது. அந்த நீளம் அப்படியே இருக்கும். லேசர் செய்வதெல்லாம் முன்பக்கக் கூரையை, நீண்ட கண்ணுக்கு ஏற்ற வளைவுக்குச் செதுக்குவதுதான். மைனஸுக்கு நடுவில் கொஞ்சம் எடுத்து வளைவைத் தட்டையாக்குவார்கள், பிளஸுக்கு ஓரத்தில் வட்டமாக எடுத்து நடுவைத் தூக்கிவிடுவார்கள், சிலிண்டருக்கு ஒரு திசையில் கூடவும் இன்னொரு திசையில் குறைவாகவும் எடுப்பார்கள். கண்ணாடிக் கடைக்காரர் சில்லைத் தேய்த்துச் செய்கிற வேலையைக் கருவிழி மேலேயே செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, பவர் எங்கேயும் போகவில்லை. மூக்கு மேல் இருந்த கண்ணாடி கண்ணோடு சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

எவ்வளவு எடுப்பார்கள்? கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தடிமன், சராசரியாக 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர்). ஒரு பவருக்கு ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் எடுக்க வேண்டும். மைனஸ் 4க்கு 56 மைக்ரான் என்று கணக்கு வைத்தால், ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. இவ்வளவு மெல்லியதை, பக்கத்தில் இருக்கிற சதையைக் கருக்காமல் எடுக்கிற கருவி ஒன்று கிடைத்ததால்தான் இந்தச் சிகிச்சையே வந்தது.

அந்தக் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ரங்கசாமி சீனிவாசன், 1929இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போனவர், நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்துச் சாப்பிடுகிற பண்டிகைக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆராய்ச்சிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய், எக்சைமர் என்கிற புற ஊதா லேசரை அதன் மேல் பாய்ச்சிப் பார்த்தார். கத்தியால் கீறியதைவிடச் சுத்தமான பள்ளம் விழுந்தது, சுற்றிலும் கருகவே இல்லை. அவரும் உடன் வேலை பார்த்த ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் இருவரும் வேறு வகை லேசரையும் வைத்து ஒப்பிட்டார்கள், அதில் இறைச்சி கருகியது. எக்சைமர் ஒளியின் அலைநீளம் 193 நானோமீட்டர். அது சூட்டினால் எரிப்பதில்லை, சதையின் மூலக்கூறுகளைக் கட்டிவைத்திருக்கிற பிணைப்பை அறுத்துத் துகளாக்கி வெளியே பறக்கவிடுகிறது. நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் சீனிவாசனோடு சேர்ந்து இதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தது 1983இல். "கண்ணுல சூடு வைக்கது" என்று பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வான்கோழிக் கதையைத்தான்.

சிகிச்சையில் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. முதலில் வந்தது பி.ஆர்.கே. கருவிழி மேல் இருக்கிற 50 மைக்ரான் மெல்லிய தோலை நீக்கிவிட்டு நேரடியாக லேசர் பாய்ச்சுவார்கள், மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸைக் கட்டு மாதிரி வைத்து அனுப்புவார்கள். தோல் நான்கைந்து நாளில் திரும்ப வளர்ந்துவிடும். அந்த நாட்களில் வலி, கூச்சம், கண்ணீர் எல்லாம் உண்டு, பார்வை தெளியச் சில வாரம் ஆகும். பழைய முறை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு, நான் ஒதுக்க மாட்டேன், ஏனென்றால் இதில், அடுத்துச் சொல்லப்போகிற லேசிக் மாதிரி, கருவிழியில் மூடி எதுவும் வெட்டுவதில்லை. கருவிழி சுமாரான தடிமன் உள்ளவர்களுக்கும், கபடி, குத்துச்சண்டை என்று முகத்தில் அடி வாங்குகிற பையன்களுக்கும் இதுதான் பொருத்தம்.

இரண்டாவது லேசிக், எல்லோருக்கும் தெரிந்த பெயர். கருவிழியில் 100, 110 மைக்ரான் கனத்துக்கு ஒரு மூடியை, கீல் மட்டும் விட்டு வட்டமாக வெட்டி, கதவைத் திறக்கிற மாதிரி மடித்து வைத்துவிட்டு, உள்ளே எக்சைமரால் செதுக்கி, மூடியைத் திரும்பப் போர்த்திவிடுவார்கள். தையல் கிடையாது, அதுவே ஒட்டிக்கொள்ளும். மறுநாளே நன்றாகத் தெரியும், வலி குறைவு. ஆனால் அந்த மூடி முன்போல் முழுப் பலத்தோடு ஒட்டுவதில்லை, வருஷங்கள் கழிந்தாலும் பலமான அடி விழுந்தால் நகரக்கூடும். மூன்றாவது ஸ்மைல். இதில் எக்சைமர் கிடையாது, ஃபெம்டோ லேசர் மட்டும். ஒரு நொடியைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் பத்துக் கோடி பங்காக்கினால் அது ஒரு ஃபெம்டோ நொடி. இப்படி மிகக் குறுகிய, மிக வலுவான லேசர் துடிப்புகளை உண்டாக்குகிற வழியைக் கண்டதற்காகத்தான் ஜெரார்ட் மூரு, டோனா ஸ்டிரிக்லாண்ட் இருவருக்கும் 2018இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. கருவிழியைத் திறக்காமலே உள்ளே ஒரு மெல்லிய சில்லை அறுத்து, நான்கு மில்லிமீட்டருக்குள் ஒரு சின்னக் கீறல் வழியாக உருவி எடுத்துவிடுவார்கள். மூடி இல்லை என்பதால் நரம்பு குறைவாகவே அறுபடும், கண் உலர்வதும் குறைவு. செலவு பொதுவாகக் கூட. புதியது, விலை கூடியது என்பதற்காக மட்டும் இதைக் கேட்டு வாங்காதீர்கள், எந்தக் கண்ணுக்கு எது என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும்.

கண் அதைச் சொல்வது பரிசோதனையில். என் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் லேசர் செய்துகொள்ளக் கிளம்பினேன். முதலில் போன இடத்தில் பவர் பார்த்தார்கள், தடிமன் பார்த்தார்கள், "போதும் சார், அடுத்த வியாழக்கிழமை வந்துருங்க" என்று தேதி கொடுத்துவிட்டார்கள். எல்லாம் அரைமணி நேரம். அப்பா கேட்கவில்லை, இன்னோரிடத்திலும் காட்டு என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டாவது இடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். கருவிழியின் மேடு பள்ளத்தைப் படம் எடுக்கிற டோப்போகிராபி என்கிற சோதனையில், நிலத்துக்கு எடுக்கிற மாதிரி நிறம் நிறமாக ஒரு வரைபடம் வரும், அதில் என் வலது கண்ணின் கீழ்ப்பக்கம் மட்டும் சிவப்பாக இருந்தது. அந்த டாக்டர் அம்மா படத்தை என் பக்கம் திருப்பி வைத்து, "இந்தக் கண்ணுல லேசர் வேண்டாம் தம்பி, கண்ணாடியே போட்டுக்கோங்க" என்றார். அன்றைக்கு ஏமாற்றமாக இருந்தது. இன்றைக்கு அவரை நினைக்காத நாள் குறைவு.

அந்தச் சிவப்புக்குப் பெயர் கெரட்டோகோனஸ், அதன் ஆரம்பம். கருவிழி பலம் குறைந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளுகிற நிலை, பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளிலோ தொடங்கும். அலர்ஜியால் எப்போதும் கண்ணைக் கசக்குகிறவர்களிடம் இது கூடுதல். (பிள்ளைகள் கண்ணைக் கசக்கினால் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள்.) ஏற்கெனவே பலமில்லாத கூரையில் லேசரால் இன்னும் கொஞ்சம் எடுத்தால் அது தாங்காமல் பிதுங்க ஆரம்பிக்கும், அப்புறம் எந்தக் கண்ணாடியாலும் சரியாகாது, சிலருக்குக் கருவிழி மாற்றுகிற வரை போகும். எனக்கு வைட்டமின் பி2 சொட்டு விட்டு, புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்குகிற சிகிச்சை செய்தார்கள். அதற்கு மேல் போகவில்லை.

கெரட்டோகோனஸ் இல்லாதவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 540 மைக்ரானில் மூடிக்கு 110 போய், மைனஸ் 4க்கு 56 போனால், அடியில் 374 நிற்கும். குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது விதி, பல டாக்டர்கள் 300 இருந்தால்தான் கை வைப்பார்கள். இதே கணக்கை 470 மைக்ரான் கருவிழியும் மைனஸ் 9 பவரும் உள்ள ஒருவருக்குப் போட்டால் 234 வரும், அங்கே லேசிக் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்குக் கருவிழியைத் தொடாமல் உள்ளே ஒரு கூடுதல் லென்ஸ் வைக்கிற ஐ.சி.எல். முறை இருக்கிறது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், ஒரு வருஷமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்கள், பால் கொடுக்கிறவர்கள் தள்ளிப்போட வேண்டும். கண் ரொம்ப உலர்ந்தவர்கள், முடக்குவாதம் போன்ற நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சோதனைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே கழற்றிவிட வேண்டும், கடின வகை என்றால் இன்னும் முன்பே, இல்லையென்றால் லென்ஸ் அமுக்கிய வடிவம்தான் படத்தில் வரும், அளவெல்லாம் பிசகிவிடும்.

வேலைக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாளையங்கோட்டையில் பயிற்சி மையங்களுக்குப் போகிற பையன்கள், பெண்கள் பலர், மருத்துவத் தேர்வில் பார்வைக்காகத் தள்ளிவிடுவார்களே என்று லேசர் செய்கிறார்கள். ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவர்கள் தகுதியில்லை என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கும். வேலைக்காகச் செய்ததே வேலையைக் கெடுத்துவிடக்கூடாது, அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். காப்பீட்டையும் நம்பி இருக்க வேண்டாம், 7.5க்குக் குறைவான பவருக்குச் செய்கிற திருத்தம் மருத்துவக் காப்பீட்டில் வராது.

அக்கா மகளுக்கு எல்லாச் சோதனையும் சரியாக வந்தது, தடிமன் 548. லேசிக் செய்தார்கள். ஊசி கிடையாது, சொட்டு மருந்தில் மரத்துப்போகும். இமையைத் திறந்து வைக்க ஒரு சிறு கம்பி, மூடி வெட்டும்போது கருவி கண்ணை அழுத்திப் பிடிக்கும், அப்போது சில விநாடி எல்லாம் இருட்டிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள், அதனால் சொல்கிறேன். அப்புறம் ஒரு வெளிச்சப் புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள், டக் டக்கென்று சத்தம் வரும், முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாடை வரும், அது எரிகிற வாடை இல்லை, பறக்கிற துகள்களின் வாடை. கண் கொஞ்சம் அசைந்தாலும் கருவி பின்தொடரும், அதிகம் அசைந்தால் தானே நின்றுவிடும். லேசர் ஓடுவது ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷத்துக்குள். இரண்டு கண்ணும் சேர்த்து அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் வரை வெங்காயம் உரித்த மாதிரி எரிச்சல், மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துச் சொன்னாள்.

அதோடு முடியவில்லை என்பதுதான் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. முதல் வாரம் தலைக்குக் குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் படக்கூடாது, ஒரு மாதத்துக்கு ஆறும் அருவியும் கூடாது. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் கிருமி இல்லாத தண்ணீர் இல்லை. கோடை விடுமுறை என்று வைகாசியில் செய்துகொள்கிறவர்கள் குற்றாலச் சீசனின் தொடக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான். அவள் ஐப்பசியில் செய்துகொண்டதற்கு இன்னொரு காரணம் காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடித்து வந்து கயத்தாறு வரை காற்றாலைகளைச் சுற்றுகிற அந்தக் காற்று மண்ணையும் சேர்த்துத்தான் கொண்டுவரும், பைக்கில் போகிறவர்களுக்குக் கண்ணில் விழும், விழுந்தால் கை தானாகக் கசக்கப் போகும். கசக்கவே கூடாது. இரவில் தூங்கும்போது மேலே பாதுகாப்பு மூடி ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்மை, இரண்டு வாரம் வேண்டாம். சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும், அதை எழுதிக் கொடுத்தபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும், நன்றாக இருக்கிறதே என்று மருந்துக் கடையில் வாங்கித் தொடர்ந்து ஊற்றினால் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடும்.

வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளர்கிற வரை, சில மாதம், கண் உலரும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு கைப்பையிலேயே இருக்க வேண்டும். இரவில் எதிரே வருகிற லாரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், பெரும்பாலோருக்கு நாளாக ஆகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் நிற்கும். நான்குவழிச் சாலையில் இரவு முழுக்க வண்டி ஓட்டிப் பிழைக்கிற ஒருவர் இதைத் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும். சிலருக்கு அரையோ காலோ பவர் மிஞ்சும்.

நாற்பது வயதில் வருகிற வெள்ளெழுத்தை இந்த லேசர் தடுக்காது. அது உள்ளே இருக்கிற லென்ஸ் வயதாகி இறுகுவதால் வருவது, கருவிழிக்கு அதில் பங்கு இல்லை. முக்கூடலில் எங்கள் அத்தைக்கு மைனஸ் 3, ஐம்பது வயதிலும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கண்ணால் பீடிக்கு நூல் சுற்றுகிறார். லேசர் செய்திருந்தால் அந்த வயதில் சுற்றக் கண்ணாடி தேடியிருப்பார். அதனால் நாற்பதை நெருங்கியவர்கள், கிட்டத்தில் பார்த்துச் செய்கிற வேலைக்காரர்கள், இரண்டு தடவை யோசிக்கலாம்.

கண்ணின் நீளம் அப்படியே இருக்கும் என்று அழுத்திச் சொன்னேன் இல்லையா, அதற்கு வருகிறேன். நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், கிழிகிற ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். லேசருக்குப் பிறகும் அந்த ஆபத்து அதே அளவு இருக்கிறது. கண்ணாடி இல்லையே என்று கண் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணின் பாப்பாவை, அதாவது நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்தை, விரிக்கச் சொட்டு ஊற்றி விழித்திரையைப் பார்க்கத்தான் வேண்டும். திடீரென்று மின்னல் மாதிரி வெளிச்சமோ, கொசு பறக்கிற மாதிரி கரும்புள்ளிகளோ தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று, முப்பது நாற்பது வருஷம் கழித்து அவளுக்கும் ஆச்சியைப் போலக் கண்புரை வரும். அப்போது வைக்கிற லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், வளைவை நாம் மாற்றி வைத்திருக்கிறோம், சொல்லாவிட்டால் கணக்கு பிசகும். லேசருக்கு முந்தைய பவர், வளைவு, தடிமன் எழுதிய தாள்கள் இருந்தால் அந்த டாக்டருக்குப் பெரிய உதவி. அக்காவிடம் அந்த ஃபைலை ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாணமாகிப் போகும்போது நகையோடு சேர்த்து அதையும் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.